கோபுர உச்சியிலுள்ள மாஸ்ட் பேரிங்: எப்போது சுத்தம் செய்வது, எப்போது புதுப்பிப்பது, எப்போது மாற்றுவது

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பழைய வீடொன்றை வாங்கிய ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பருக்கு, வீட்டோடு சேர்ந்து 70 அடி உயர ரோன் 45ஜி கோபுரம் ஒன்றும் கிடைத்திருக்கிறது. அதன் உச்சியில் ரோன் டிபி-3 த்ரஸ்ட் பேரிங்கும், உள்ளே தட்டில் ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார் கருவியான ஹை-கெயின் ஹாம்-4 ரொட்டேட்டரும், 2 அங்குல மாஸ்ட்டில், அதாவது ஆன்டெனாவைத் தாங்கிச் சுழலும் குழாயில், மூன்று எலிமென்ட் யாகி என்ற திசை ஆன்டெனாவும் இருக்கின்றன. குளிர்காலக் காலை நேரங்களில் ஆன்டெனாவைத் திருப்பினால் கிறீச்சென்ற ஒலி எழுகிறது. வடகிழக்கை நெருங்கும்போது வேகம் குறைந்து சில நேரம் நின்றே விடுகிறது. பேரிங்கிற்கு நிறைய கிரீஸ் அடித்தால் சரியாகுமா, குண்டுகளை மாற்றிப் புதுப்பிக்க வேண்டுமா, அல்லது அதைத் தூக்கிவிட்டுத் தொழிற்சாலை பேரிங் ஒன்றைப் பொருத்திவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

என் பதிலின் சாரம் இது: கிரீஸ் அடிக்க வேண்டாம், இப்போதைக்குப் பிரிக்கவும் வேண்டாம். முதலில் ரொட்டேட்டரின் மின்பகுதியைச் சோதியுங்கள். பிறகு மாஸ்ட் நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். அதன் பின்னரும் பேரிங்தான் காரணம் என்று தெரிந்தால், ஆன்டெனா வேறு காரணத்துக்காகக் கீழே இறங்கும் நாளில் அதைப் புதுப்பிக்கலாம் அல்லது மாற்றலாம். இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், அந்தப் பேரிங் உச்சியில் என்ன வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது.

மாஸ்ட்டின் எடையைத் தாங்குவதே அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று எலிமென்ட் யாகியையும் மூன்று நான்கு மீட்டர் எஃகுக் குழாயையும் சேர்த்தால் ஏறத்தாழ 50 கிலோ வரும். ஹாம்-4 ரொட்டேட்டருக்குள் இரண்டு வளையங்களில் மொத்தம் 98 குண்டுகள் இருக்கின்றன. அவற்றின் மீது அந்த எடை அமர்ந்திருப்பது ரொட்டேட்டருக்கு ஒரு சுமையே அல்ல. சொல்லப்போனால், மேலிருந்து ஓரளவு எடை அழுத்திக்கொண்டிருந்தால்தான் அதன் மேல்கூடு குண்டுகளின் மீது ஆட்டமின்றி நிற்கும். மொத்த எடையையும் உச்சிப் பேரிங்கில் தொங்கவிட்டு ரொட்டேட்டரை வெறும் முறுக்கும் கருவியாக வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ரொட்டேட்டருக்கு நல்லது செய்வதாக நம்புகிறார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் ரொட்டேட்டரின் மேல்கூட்டில் ஆட்டம் விழுகிறது.

உச்சிப் பேரிங்கின் உண்மையான சுமை பக்கவாட்டில் வருகிறது. ஒரு சதுர மீட்டர் காற்றுப் பரப்புள்ள ஆன்டெனாவின் மீது மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதினால், உருளைக் குழாய்களுக்கான இழுவையையும் சேர்த்துக் கணக்கிடும்போது ஏறத்தாழ 1,100 நியூட்டன், அதாவது 110 கிலோ அளவுக்குத் தள்ளுவிசை பிறக்கிறது. ஆன்டெனா பேரிங்கிற்கு ஒரு மீட்டர் மேலே இருக்கிறது, ரொட்டேட்டர் ஒன்றரை மீட்டர் கீழே இருக்கிறது என்று கொள்வோம். நெம்புகோல் கணக்கின்படி பேரிங் 183 கிலோவையும், ரொட்டேட்டர் எதிர்த்திசையில் 73 கிலோவையும் தாங்க வேண்டும். இதே ரொட்டேட்டரை அரை மீட்டர் கீழே மட்டும் வைத்தால் பேரிங்கின் சுமை 330 கிலோவாகவும், ரொட்டேட்டரின் பக்கச்சுமை 220 கிலோவாகவும் ஏறிவிடுகிறது. ஆகவே பேரிங்கின் ஆயுளைப் பற்றிக் கவலைப்படுபவர் முதலில் செய்ய வேண்டியது, கோபுரத்துக்குள் எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே ரொட்டேட்டர் தட்டை இறக்குவதுதான். எந்த உயர்ந்த தரப் பேரிங்கும் இந்த ஒரு மாற்றத்தின் பலனைத் தராது.

இனி உங்கள் கோபுரத்துக்கு வருகிறேன். ஏறுவதற்கு முன் தரையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. ஹாம்-4 மெதுவாகத் திரும்புவதற்கு மிகப் பொதுவான காரணம் அதன் மோட்டாருக்கான ஸ்டார்ட் கெபாசிட்டர் வலுவிழந்து போவது. அது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருப்பதால் மாற்றுவது எளிது. அடுத்த காரணம், நீண்ட கட்டுப்பாட்டுக் கேபிளில் ஏற்படும் மின்னழுத்த இழப்பும், இணைப்புகளில் படியும் பச்சைக் களிம்பும். இவை காரணமென்றால் ஆன்டெனா எல்லாத் திசைகளிலும் ஒரே மாதிரி மந்தமாக இருக்கும். உங்களுக்கோ வடகிழக்கில் மட்டும் திணறுகிறது. மோட்டாருக்குப் போகும் கம்பியில், அதைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, முழுச் சுற்று ஒன்றைச் சுற்றவிட்டு, 30 பாகைக்கு ஒருமுறை மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் ஒரு திசையில் மெல்ல ஏறி எதிர்த்திசையில் மெல்ல இறங்கினால் மாஸ்ட் வளைந்திருக்கிறது, அல்லது மேலும் கீழும் உள்ள இரண்டு தாங்குமிடங்கள் ஒரே கோட்டில் இல்லை என்று பொருள். ஒழுங்கில்லாமல் பல இடங்களில் துள்ளினால் பேரிங்கில் துருவோ உடைந்த குண்டோ இருக்கலாம். இந்த அளவீட்டை வெயில் ஏறிய மதியத்திலும் பனி படிந்த அதிகாலையிலும் தனித்தனியாக எடுங்கள். மதியத்தில் ஒலியும் திணறலும் மறைந்து, காலையில் மட்டும் இருந்தால், ஈரமும் குளிரில் இறுகிய பழைய கிரீஸும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று ஊகிக்கலாம். முந்தைய உரிமையாளர் கிரீஸ் அடித்து வைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாம்-4 ரொட்டேட்டரில் சொலினாய்டு (மின்காந்தச் சுருள்) இழுக்கும் ஆப்பு ஒன்று பற்களுக்குள் இறங்கி ஆன்டெனாவைப் பூட்டுகிறது. மாஸ்ட் இறுக்கத்தில் முறுகி நிற்கும்போது அந்த ஆப்பின் மீது பக்கச்சுமை விழுவதால் அது எளிதில் வெளிவருவதில்லை. எதிர்த்திசையில் ஒரு கணம் தட்டினால் விடுபடுகிறது என்றால், கோளாறு பிரேக்கில் இல்லை. மாஸ்ட்டின் இறுக்கத்தில் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் தொடர்ந்து பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் பற்சக்கரங்கள் சேதமாகும். ஹை-கெயின் ரொட்டேட்டர்களைத் தயாரித்துவந்த எம்.எஃப்.ஜே. நிறுவனம் 2024 மே மாதத்தில் தன் ஆலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், உங்களிடம் இருக்கும் ரொட்டேட்டரைக் காப்பாற்றுவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

ஏறத்தான் வேண்டும் என்று முடிவானால், ஏறும் கோபுரத்தை முதலில் நம்பத்தக்கதா என்று பாருங்கள். உங்களுக்கு முன் யாரோ நிறுத்திய கோபுரம் அது. கோபுரத்தை இழுத்துக்கட்டும் ஸ்டே கம்பிகள், அவற்றின் நங்கூரக் கம்பிகள் மண்ணுக்குள் நுழையும் இடம், கால் குழாய்களின் அடிப்பகுதி ஆகியவற்றை ஆராயாமல் மேலே போகக் கூடாது. ரோன் கோபுரத்தின் கால்கள் உள்ளீடற்ற குழாய்கள். அடியில் நீர் வடியும் வழி மண்ணால் அடைபட்டால், உள்ளே தேங்கிய நீர் மிச்சிகன் குளிரில் உறைந்து குழாயை நெடுக்காகப் பிளந்துவிடும். முழு உடல் ஹார்னெஸும் இரண்டு பாதுகாப்புக் கயிறுகளும் வேண்டும். ஒன்றைக் கழற்றும்போது மற்றொன்று எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். கீழே ஒருவர் இருக்க வேண்டும். ரொட்டேட்டரின் மின்சாரமும் டிரான்ஸ்மிட்டரும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். இலை அசையாத நாளாகப் பார்த்துச் செல்லுங்கள். இந்த வேலையில் காற்று எவ்வளவு குறுக்கிடும் என்பது அடுத்த பத்தியில் தெரியும்.

மேலே போனதும் முதல் வேலை, யாகியின் பூமில் (நடுத்தண்டில்) கயிறு கட்டி அது தானாகச் சுழலாதபடி கோபுரத்தோடு பிணைப்பது. பிறகு ரொட்டேட்டரில் மாஸ்ட்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, கயிற்றை அவிழ்த்து, மாஸ்ட்டைக் கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எடை ரொட்டேட்டர் மீதே அமர்ந்திருந்தால் மாஸ்ட் எங்கும் விழாது. கையால் சுற்றும்போது எல்லாத் திசையிலும் இலகுவாக இருக்கிறது, கிளாம்பை இறுக்கினால்தான் வடகிழக்கில் பிடிக்கிறது என்றால், பேரிங் குற்றமற்றது. ரொட்டேட்டர்தான் நேர்க்கோட்டிலிருந்து விலகி நிற்கிறது. கையால் சுற்றும்போதே பிடித்தால், பேரிங்கின் மேல்வளையத்தில் மாஸ்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் தளர்த்தி, மாஸ்ட்டை அசையாமல் வைத்துக்கொண்டு வளையத்தை மட்டும் விரலால் சுழற்றிப் பாருங்கள். அது தாராளமாகச் சுழன்றால் வளைந்திருப்பது மாஸ்ட். வளையமே கரகரவென்று சிக்கினால் மட்டுமே பேரிங்கைக் குறை சொல்ல நமக்கு உரிமை உண்டு. இந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தும் கணத்தில் மாஸ்ட்டுக்கு மேற்பக்கப் பிடிப்பு இல்லாமல் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். ஆன்டெனாவின் எடை மேலே இருப்பதால் மாஸ்ட் ஒரு பக்கம் சாய்ந்து மேல்தட்டின் துளை விளிம்பில் சாய்ந்துகொள்ளும். அந்த இடைவெளியில் விரல் இருந்தால் நசுங்கிவிடும். போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே மாஸ்ட்டைச் சுற்றி மூன்று பக்கமும் கடினமர ஆப்புகளைச் செருகிவிடுவது பாதுகாப்பானது.

பழைய டிபி-3 பேரிங்குகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது இந்தப் பிடிபோல்ட்டுகள்தான். அதன் கூடு வார்ப்பு அலுமினியம், போல்ட்டோ எஃகு, மாஸ்ட் துத்தநாகம் பூசியது. மூன்று வேறுபட்ட உலோகங்களுக்கிடையே மழைநீர் நின்றால் மின்வேதி அரிமானம் தொடங்கி, அலுமினிய மரைகளுக்குள் வெள்ளைத் தூள் பொங்கி, போல்ட் கூட்டோடு ஒன்றாகிவிடும். வலுவைக் காட்டித் திருப்பினால் போல்ட் முறியும் அல்லது மரை சிதையும். ஊடுருவும் எண்ணெயை முந்தைய நாளே அடித்துவைத்து, இறுக்கும் திசையில் சிறிது, தளர்த்தும் திசையில் சிறிது என மாறி மாறி அசைத்துத்தான் எடுக்க வேண்டும். சிறிய பியூட்டேன் டார்ச்சால் கூட்டை மிதமாகச் சூடாக்கினால், அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் பிடி தளரும். ஆனால் ஊடுருவும் எண்ணெய் பூசிய இடத்தில் அதைத் துடைத்து நீக்காமல் தீ காட்டுவது ஆபத்து. எடுத்த பிறகு ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளைப் போடலாம். ஆனால் ஸ்டெயின்லெஸும் அலுமினியத்தோடு சேர்ந்தால் அரிமானத்தை உண்டாக்கும் என்பதால், ஒட்டாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையை மரைகளில் தாராளமாகத் தடவியே போட வேண்டும். ஆண்டுக்கொரு முறை அந்தப் போல்ட்டுகளை அரைச்சுற்று விட்டு மீண்டும் பிடித்துவைத்தால் அவை ஒருபோதும் இறுகிப்போகா. பராமரிப்பு என்று நான் சொல்வதில் பாதி இந்த ஒரு செயல்தான்.

கிரீஸ் பற்றிய கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவமுள்ளவர்களுக்குள்ளும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. டிபி-3 திறந்த அமைப்புடைய பேரிங்; அதில் நீரைத் தடுக்கும் சீல் கிடையாது. உள்ளே வரும் மழைநீர் குண்டுகளுக்கிடையே வழிந்து கீழே போய்விட வேண்டும். அதில் கிரீஸை நிரப்பினால் நீர் வடியும் வழி அடைபடுகிறது. தூசியும் பூச்சிச் சிறகும் மகரந்தமும் ஒட்டிக்கொண்டு தேய்க்கும் பசையாக மாறுகின்றன. குளிர்காலத்தில் அது விறைத்துப்போகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சுற்று மட்டுமே சுற்றும் ஓர் அமைப்புக்கு, வேகமாகச் சுழலும் மோட்டார் பேரிங்கைப் போல் மசகுப்படலம் தேவையே இல்லை. ஆகவே திறந்த அமைப்பை உலர்வாக விடுவதே சரி என்பது என் முடிவு. குண்டுகள் துருப்பிடிக்கும் என்ற அச்சத்துக்கு மருந்து கிரீஸ் அல்ல. துருப்பிடிக்காத குண்டுகளும் மேலே ஒரு மழைக் குடையும்தான். சிலர் கிராஃபைட் தூளைப் பரிந்துரைக்கிறார்கள். அலுமினியத்தின் மீது ஈரத்தோடு கிராஃபைட் சேர்ந்தால் அரிமானம் பல மடங்கு விரைவுபடும் என்பதால் அதை அலுமினியக் கூடுள்ள பேரிங்கில் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது.

புதுப்பிப்பதில் இருக்கும் பெரிய சிக்கலை இப்போது சொல்ல வேண்டும். பேரிங் ஒரு முழு வளையம். மாஸ்ட் அதன் நடுவே போகிறது. மேலே யாகி இருக்கும்வரை அதை மேற்பக்கமாக உருவ முடியாது. மேல்தட்டின் துளை சிறிது என்பதால் கீழ்ப்பக்கமாகவும் உருவ முடியாது. ஆப்பு வைத்து, தட்டோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, பேரிங்கை மாஸ்ட்டின் மீதே அரை மீட்டர் மேலே தள்ளி அங்கே கட்டிவைத்து, தட்டையும் பேரிங்கின் அடிப்பக்கத்தையும் சுத்தம் செய்யலாம். அதற்கு மேல் உச்சியில் நின்றுகொண்டு அதைப் பிரிப்பதை நான் ஆதரிக்கவில்லை. தனித்தனிக் குண்டுகள் உள்ள பேரிங்கை 70 அடி உயரத்தில் பிரித்தால் குண்டுகள் கீழே சிதறும். கீழே நிற்பவரின் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவேதான் புதுப்பிக்கும் வேலையை ஆன்டெனா இறங்கும் நாளோடு சேர்த்துவைக்கச் சொன்னேன்.

பேரிங் மேசைக்கு வந்த பிறகு வேலை நிதானமானது. விளிம்புள்ள பெரிய தட்டில் துணி விரித்து அதன் மேல் பிரியுங்கள். பிரிப்பதற்கு முன் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் பொருந்தும் அடையாளக் கோடு இடுங்கள். குண்டுகளை எண்ணி எழுதிவையுங்கள். மண்ணெண்ணெயிலோ மினரல் டர்பன்டைனிலோ கழுவி உலர்த்திய பிறகு, துருவில்லாத சில குண்டுகளைத் தேர்ந்து மைக்ரோமீட்டரில் விட்டம் அளந்துகொள்ளுங்கள். துருவேறிய குண்டில் அளந்தால் அளவு தவறும். அலுமினியத்தில் படிந்த வெள்ளைப் படிவை நைலான் தேய்ப்பானால் நீக்குங்கள். எஃகுக் கம்பித் தூரிகையைத் தொடவே வேண்டாம். அதன் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து பின்னாளில் ஒவ்வொன்றும் ஒரு துருப்புள்ளியாகும். காஸ்டிக் சோடா கலந்த சுத்திகரிப்பான்கள் அலுமினியத்தைக் கரைத்துவிடும்.

அடுத்து, குண்டுகள் உருளும் தடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கோபுரப் பேரிங் தன் வாழ்நாளில் பெரும்பகுதி சுழலாமல் நின்றுகொண்டே காற்றில் அசைகிறது. நின்ற இடத்திலேயே ஒவ்வொரு குண்டும் சிறிது சிறிதாக ஆடி ஆடித் தடத்தில் குழி பறிக்கிறது. சம இடைவெளியில் சிறு குழிகள் வரிசையாகத் தெரிந்தால் அதுதான் காரணம். மின்னல் பாய்ந்த கோபுரத்தில் உருகிய கருப்புப் புள்ளிகளும் தென்படலாம். நகத்தைத் தடத்தின் மீது ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காத அளவு சொரசொரப்பு என்றால் 400 எண் உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேய்த்து மெருகேற்றினால் போதும். நகம் விழுந்து நிற்கிறது என்றால் அந்தக் கூட்டைப் புதுப்பிப்பது வீண் உழைப்பு. லேத்தில் கடைந்து குழியை எடுக்கலாம் என்று சிலர் முயல்கிறார்கள். தடம் ஆழமானால் மேல்வளையம் இறங்கி, பக்கவாட்டு ஆட்டம் கூடி, அடுத்த குழிகள் இன்னும் விரைவாக விழும்.

குண்டுகளைத் தேர்வதில் ஒரு பொதுவான தவறான எண்ணம் நிலவுகிறது: எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள். வழக்கமான குரோம் எஃகுக் குண்டு மிகக் கடினமானது. ஆனால் திறந்த வெளியில் ஓர் ஆண்டுக்குள் துருவேறிவிடும். 440சி ஸ்டெயின்லெஸ் கடினமும் தருகிறது, ஓரளவு துருவையும் எதிர்க்கிறது. 316 ஸ்டெயின்லெஸ் மென்மையானது, ஆனால் கடற்காற்றிலும் நன்றாகத் தாங்கும். தடம் வார்ப்பு அலுமினியமாக இருக்கும்போது 316 குண்டே அதைவிடப் பன்மடங்கு கடினம். முதலில் குழிவது எப்போதும் தடமே. ஆகவே திறந்த அலுமினியப் பேரிங்கிற்கு 316 போதும், அதுவே சிறந்ததும்கூட. எல்லாக் குண்டுகளும் ஒரே பொதியிலிருந்து வந்தவையாக இருக்கட்டும். பழையவற்றோடு புதியவற்றைக் கலந்தால் சற்றே பெரிதான ஓரிரண்டு குண்டுகளே முழுச் சுமையையும் வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது வழி, தொழிற்சாலைகளில் பயன்படும் இன்சர்ட் பேரிங், அதாவது தனிக் கூட்டுக்குள் செருகப்படும் பேரிங்; இதில் யுசி என்பது ஒரு வரிசையின் பெயர். இதைப் பற்றி நல்லெண்ணத்தோடே பேசுவேன். நின்ற நிலையில் யுசி 210 அளவுப் பேரிங் தாங்கும் சுமை ஏறத்தாழ 23 கிலோநியூட்டன்; மேலே நாம் கணக்கிட்ட மோசமான நிலையில் வந்ததோ 3.3 கிலோநியூட்டன். சுமையால் அது கெடப்போவதில்லை. கெட்டால் துருவால்தான் கெடும். வெளிவளையம் கோள வடிவில் இருப்பதால் மாஸ்ட் சிறிது சாய்ந்திருந்தாலும் அதற்கேற்பத் தன்னைத் திருப்பிக்கொள்ளும். உங்கள் 2 அங்குல மாஸ்ட்டுக்கு யுசி 211-32 என்ற எண்ணுள்ள இன்சர்ட் சரியாக 2 அங்குலத் துளையோடு கிடைக்கிறது. கூட்டைத் தேர்வதில்தான் கவனம் தேவை. பிளம்மர் பிளாக் எனப்படும் அடிக்கால் உள்ள கூடு படுக்கையான ஷாஃப்ட்டுக்கு உரியது. அதை நிமிர்ந்த மாஸ்ட்டுக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் செங்குத்தான ஆங்கிள் ஒன்றைத் தட்டில் பற்றவைத்து அதன் மீது பூட்ட வேண்டும். நான்கு போல்ட் உள்ள ஃபிளாஞ்ச் கூடோ மேல்தட்டின் மீது அப்படியே படிந்து அமரும். இவ்வகைப் பேரிங்கில் சீல் இருப்பதால் இதற்குக் கிரீஸ் கட்டாயம் வேண்டும். நீரை எதிர்க்கும் கால்சியம் சல்ஃபோனேட் வகைக் கிரீஸ் பொருத்தமானது; உள்ளே ஏற்கெனவே வேறு வகை இருந்தால் முதலில் அதைக் கழுவி நீக்க வேண்டும், ஏனெனில் லித்தியம் வகையும் பாலியூரியா வகையும் கலந்தால் பல நேரங்களில் இளகி வழிந்துவிடும். படுக்கை ஷாஃப்ட்டுக்காக வடிவமைத்த சீலின் மேல், நிமிர்ந்த நிலையில் மழைநீர் குளம்போல் தேங்கும் என்பது இதன் பெரிய பலவீனம். மழைக் குடை இல்லாமல் இதைப் பொருத்துவதில் பொருளே இல்லை.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு ஹாம்களுக்காக ஒரு செய்தி. அங்கே ரோன் உதிரிகளைத் தேடுவதைவிட, மில்களுக்கு பிளம்மர் பிளாக் விற்கும் கடைகளில் யுசி வரிசையை வாங்குவதே எளிது. ஆனால் மாஸ்ட்டாகப் பயன்படும் ஜி.ஐ. குழாய்களின் வெளிவிட்டம் பேரிங்கின் துளையோடு ஒத்துப்போகாது. ஒன்றரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர், அதற்கு 50 மில்லிமீட்டர் துளையுள்ள யுசி 210 எடுத்து, 0.85 மில்லிமீட்டர் தடிப்பில் நெடுக்காகப் பிளந்த ஸ்லீவ் (இடைக்குழல்) ஒன்றைச் செருக வேண்டும். இரண்டு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர் என்பதால் 60 மில்லிமீட்டர் யுசி 212 நூலிழையில் நுழையாது. 65 மில்லிமீட்டர் யுசி 213 வாங்கி 2.35 மில்லிமீட்டர் தடிப்பில் லேத்தில் ஸ்லீவ் கடைந்துகொள்ள வேண்டும். குழாயின் நெடுகிலும் இருக்கும் வெல்டிங் மேட்டை, பேரிங் அமரும் இடத்தில் மட்டும் அரத்தால் ராவி, ராவிய இடத்தில் துத்தநாகப் பூச்சு அடித்துவிடுங்கள். கடலோர ஊர்களில் வார்ப்பிரும்புக் கூட்டுக்குப் பதிலாக, உணவு ஆலைகளுக்கென வரும் பிளாஸ்டிக் கூடும் ஸ்டெயின்லெஸ் இன்சர்ட்டும் கொண்ட வகை கிடைத்தால் அதன் கூடுதல் விலை நியாயமானதே.

குண்டே இல்லாத, மாஸ்ட்டைச் சுற்றி நிற்கும் வளையமான புஷ் ஒன்றும் உண்டு. கறுப்பு நிற உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் கட்டையில் இரு பாதிகளாகக் கடைந்து, மாஸ்ட்டைச் சுற்றிப் பொருத்தி, தட்டோடு பூட்டிவிடலாம். ஆன்டெனாவை இறக்காமலே மாட்டக்கூடியது இது ஒன்றுதான் என்பதால், பேரிங் சிதைந்தும் ஆன்டெனாவை இறக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கறுப்பு நிறத்தில் உள்ள கார்பன் வெயிலைத் தாங்க உதவுகிறது. 60 மில்லிமீட்டர் விட்டத்தில், கோடைக்கும் குளிருக்கும் 50 பாகை வேறுபாடு என்றால், இந்தப் பிளாஸ்டிக் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் சுருங்கி விரியும். ஆகவே துளையை மாஸ்ட்டைவிட ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடைய வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சி வீங்கும் என்பதால் மழை நாளில் மாஸ்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், அதைத் தவிருங்கள். பலத்த காற்றில் மாஸ்ட் புஷ்ஷில் தட்டும் ஒலி கேட்கும், அது கேடல்ல.

எந்தப் பேரிங்காக இருந்தாலும் மீண்டும் பூட்டும் வரிசை ஒன்றே. முதலில் பேரிங்கைத் தட்டில் பூட்டி, அதன் பிடிபோல்ட்டுகளைச் சமமாகத் திருகி மாஸ்ட்டை நடுவில் கொண்டுவாருங்கள். ரொட்டேட்டரை அதன் தட்டில் தளர்வாக வைத்து, மாஸ்ட்டை அதன் மேல் முழு எடையோடு அமரவிடுங்கள். ரொட்டேட்டரின் கிளாம்ப் வடிவம் மாஸ்ட்டை ஒரு பக்கமாகத் தள்ளும் இயல்புடையது. மாஸ்ட்டின் விட்டம் கிளாம்ப் எதிர்பார்க்கும் அளவைவிடச் சிறிதாக இருந்தால் மாஸ்ட்டின் அச்சும் ரொட்டேட்டரின் அச்சும் விலகி நிற்கும். உங்கள் வடகிழக்குத் திணறலுக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. வித்தியாசத்துக்கு ஏற்ற தடிப்பில் உலோகத் தகட்டை இடையில் வைத்து அச்சுகளை ஒன்றாக்கி, கிளாம்பை இறுக்குங்கள். தட்டில் ரொட்டேட்டரைப் பிடிக்கும் போல்ட்டுகள் இன்னும் தளர்வாக இருக்கும் நிலையில் ஆன்டெனாவை ஒரு முழுச்சுற்று கையால் சுற்றினால், ரொட்டேட்டர் தானே நகர்ந்து தனக்குரிய இடத்தைக் கண்டுகொள்ளும். அதன் பின் அந்தப் போல்ட்டுகளை இறுக்குங்கள். எடை ரொட்டேட்டரில் அமர்ந்துவிட்டது என்று உறுதியான பிறகு, கடைசியாகப் பேரிங்கின் பிடிபோல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் மிதமாகத் தொட்டு நிறுத்துங்கள். வளையம் மாஸ்ட்டோடு சேர்ந்து சுழல வேண்டும்; அவ்வளவுதான் தேவை. இங்கே பலத்தைக் காட்டி இறுக்கினால் மாஸ்ட் மேலும் கீழும் இரண்டு இடத்தில் பூட்டப்பட்டு, எடை எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் போகும்.

நடுவில் இரண்டாவது பேரிங் வைக்கலாமா என்று பலரும் கேட்பதுண்டு. ரொட்டேட்டரைப் பழுதுக்குக் கழற்றும்போது மாஸ்ட்டைப் பிடித்துக்கொள்ள அது வசதி. ஆனால் இரண்டு தாங்குமிடங்கள் மட்டும் என்றால், மேலே சொன்னபடி ரொட்டேட்டரை நகரவிட்டு அவற்றை எளிதில் ஒரு கோட்டில் கொண்டுவந்துவிடலாம். மூன்றாவது வந்தால் அதைக் கோட்டில் நிறுத்துவது நம் பொறுப்பாகிறது. வைக்க விரும்பினால், சாதாரண நாட்களில் அதன் பிடிபோல்ட்டுகளை மாஸ்ட்டைத் தொடாதபடி பின்னிழுத்துவிட்டு, ரொட்டேட்டரைக் கழற்றும் நாளில் மட்டும் இறுக்கிப் பயன்படுத்துங்கள்.

இறங்குவதற்கு முன் இரண்டு சிறு வேலைகள் மீதமிருக்கும். முன்பு சொன்ன மழைக் குடைக்காக, பழைய டியூப் ரப்பரைப் பாவாடைபோல் வெட்டி, பேரிங்கிற்குச் சற்று மேலே மாஸ்ட்டில் ஹோஸ் கிளிப்பால் கட்டி, கூட்டின் விளிம்பைத் தாண்டித் தொங்கவிடுங்கள்; அடியில் காற்றோட்டத்துக்கு விரல் இடைவெளி இருக்கட்டும். மேல் ஓரத்தில் சிலிக்கோன் பூசினால் மாஸ்ட் வழியே வழியும் நீரும் உள்ளே போகாது. இரண்டாவதாக, மாஸ்ட்டிலிருந்து கோபுரக் காலுக்கு, முழுச் சுற்றுக்கும் போதுமான தொய்வோடு, வெள்ளீயம் பூசிய பின்னல் கம்பி ஒன்றை இணையுங்கள். மின்னலின் ஒரு பகுதியேனும் குண்டுகள் வழியாகப் பாயாமல் இதன் வழியே போகும்; துருவேறிய தொடுபுள்ளிகளால் பெறும் ஒலியில் எழும் கொரகொரப்பும் குறையும். செப்புக் கம்பியை நேரடியாகத் துத்தநாகம் பூசிய காலில் வைக்காமல், ஸ்டெயின்லெஸ் தகடு இடையிட்டுப் பிணையுங்கள். தரைக்கு வந்ததும் அதே கிளாம்ப் மீட்டரால் மீண்டும் ஒரு முழுச் சுற்றுக்கு மின்னோட்டத்தை அளந்து, முன்பு எழுதிய எண்களுக்கு அருகில் எழுதிவையுங்கள். வடகிழக்கில் இருந்த ஏற்றம் மறைந்திருந்தால் பேரிங்கை அடுத்த ஆண்டுச் சோதனைவரை அப்படியே விட்டுவிடலாம்.